சுத்தியல் விழும்வரை

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வெர்னா க்ரூகர் அந்த வாரத்து மதிய உணவுப் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். செவ்வாய், கோழி வறுவல், மசித்த உருளைக்கிழங்கு, பீச் துண்டுகள். புதன், பீட்சா, காரட், ஆப்பிள். பதினெட்டாம் சேனலில் அதிகம் பேர் பார்ப்பது எது என்று யாராவது கேட்டால் அவள் கூச்சமே படாமல் இந்தப் பட்டியலைத்தான் சொல்வாள். கார்வர் பெண்ட் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தமான அந்தச் சேனலை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் கட்டி மேய்க்கிறாள். மேலாளர் என்று கதவில் எழுதியிருக்கும். ஆனால் பட்டமளிப்பு விழாவை ஒளிபரப்புவது, கூடைப்பந்துக்கு வர்ணனையாளர் வராத அன்று தானே வர்ணிப்பது, வயரைச் சுருட்டிவைப்பது, கூரையிலிருந்து வடிகிற தண்ணீருக்கு வாளி வைப்பது எல்லாம் அந்த மேலாளர்தான். சேனல் இயங்கிய இடம் பழைய உயர்நிலைப் பள்ளியின் அடித்தளத்தில் முன்பு சமையல் வகுப்பாக இருந்த அறை. அடுப்புகளை எடுத்து இத்தனை வருடமாகியும் மழை பெய்தால் சுவர் வெண்ணெய் வாசம் அடிக்கும்.

படிக்கட்டில் நல்ல தோல் காலணிச் சத்தம் கேட்டதும் வெர்னா தட்டச்சை நிறுத்தினாள். அந்த அடித்தளத்துக்கு நல்ல காலணியோடு யாரும் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. வந்தவர் கண்காணிப்பாளர் ஹாலோவே. மாவட்டத்தின் ஒன்பது பள்ளிகளுக்கும் மேலே இருப்பவர். முனைவர் பட்டம் வாங்கியவர், டாக்டர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும். ஊசி போடாத டாக்டர், ஆனால் குத்தத் தெரியும் என்று பேருந்து நிலையத்தில் பேசிக்கொள்வார்கள்.

"நாளைக்குப் பள்ளி வாரியக் கூட்டத்துல ஒரு சின்ன மாத்தம், வெர்னா," என்றார், உட்காராமலே. "பொதுமக்கள் பேசற நேரத்தைக் கூட்டம் முடிஞ்சதுக்கு அப்புறம் வச்சிருக்கோம். வராந்தாவுல காபி, பிஸ்கெட் இருக்கும். பேசணும்கிறவங்க வாரிய உறுப்பினர்கள்கிட்ட அங்கேயே நேரடியா பேசிக்கலாம். இயல்பா, வீட்டு மனுஷங்க மாதிரி."

"கேமரா?"

"கூட்டம் முடிஞ்சுட்டா கேமராவுக்கு என்ன வேலை? உங்க விதிதானே அது. சுத்தியல்லேர்ந்து சுத்தியல் வரைக்கும்."

அது அவள் விதிதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு வாரியத் தலைவராக இருந்த ஒருவர் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிய விவாதத்தின் நடுவே உறங்கிப்போனார். உறங்கினால் பரவாயில்லை, குறட்டை விட்டார். மறுஒளிபரப்பில் அந்தப் பகுதியை வெட்டச் சொன்னார். வெர்னா மாட்டேன் என்றாள். அந்தச் சண்டை முடிந்தபோது ஒற்றை வரியில் ஒரு விதி பிறந்தது: தலைவரின் மரச்சுத்தியல் முதலில் மேசையில் விழுவதிலிருந்து கடைசியாக விழும்வரை, வெட்டாமல், சேர்க்காமல், ஒளிபரப்பப்படும். வாரியமே ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட விதி. தான் செதுக்கிய ஆப்பையே எடுத்துவந்து தனக்கு வைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. டில்மன் தெரு தொடக்கப்பள்ளியை மூடுவதற்கு இரண்டு வாரத்தில் ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் வருகிற கடைசிக் கூட்டம் நாளைக்குத்தான்.

"டில்மன் தெருக்காரங்க பேசறதை யாரும் பார்க்கக் கூடாதுன்னு நேரா சொல்லிடலாமே சார்."

ஹாலோவே சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்படி யாரும் சொல்லலை. ஆனா ஒன்னு. கூட்டத்துக்கு அப்புறம் ஒரு நிமிஷம் கேமரா ஓடினாலும், ஜூன் கடைசியோட இந்தச் சேனல் வேணுமான்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும். இணையத்துல போட்டுட்டா போதும்னு சொல்றவங்க நிறைய பேர். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தானே? பாடப்புத்தகக் கிடங்குல ஒரு இடம் காலியா இருக்கு."

அவர் போன பிறகு வெர்னா வியாழக்கிழமைக்குப் பட்டாணி என்று இரண்டு முறை அடித்தாள். கிடங்கில் ஜன்னல் கிடையாது. அதைவிட அவளை உறுத்தியது இன்னொன்று. இந்தச் சேனலை எடுத்துவிட்டால் அவளிடம் எடுக்க வேறு எதுவும் இல்லை. கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அதைப் பற்றிய புலம்பலும் அவளுக்கு இல்லை. ஊரே ஒரு பொத்தானை அமுக்கினால் பார்க்கக்கூடிய ஒன்றை நான் நடத்துகிறேன் என்ற இறுமாப்பு மட்டும் இருந்தது.

மதியம் ரொட்டி வாங்கப் பலசரக்குக் கடைக்குப் போனபோது வரிசையில் முன்னால் நின்ற பெண் திரும்பி, வெர்னாவின் மேல்சட்டையில் தைத்திருந்த பதினெட்டைப் பார்த்தாள். இறைச்சி ஆலையின் ரப்பர் காலணி, கையில் ஒரு பெட்டி பால், ஒரு சீப்பு வாழைப்பழம். பெயர் மரிசோல் அகிலார் என்று தானே சொன்னாள்.

"நீங்க சேனல்காரம்மாதானே? நாளைக்கு நான் வரேன். லீவு போட்டிருக்கேன், சம்பளம் இல்லாம. என் பையன் டில்மன் தெருவுலதான் ரெண்டாவது படிக்கிறான்."

"அப்படியா, வாங்க," என்றாள் வெர்னா.

"எனக்கு மத்தியான ஷிப்டு, மூணுலேர்ந்து பதினொன்னரை. கூட்டத்துக்கு என்னிக்கும் வர முடியாது. மறுநாள் காலையில பத்து மணிக்கு நீங்க திருப்பிப் போடறதைத்தான் பார்ப்பேன். ஆலையில பாதிப் பேர் அப்படித்தான். நாளைக்கு அவங்களுக்கும் சேர்த்து நான் பேசறேன்னு சொல்லியிருக்கேன். டி.வி.ல வரும்ல?"

வராது என்று சொல்லத்தான் வெர்னா வாயைத் திறந்தாள். "மூணு நிமிஷம்தான் தருவாங்க. எழுதிக் கொண்டுவாங்க. மைக்குக்கு ரொம்பப் பக்கத்துல போகாதீங்க," என்றாள். வண்டியில் வந்து உட்கார்ந்ததும் தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் பார்வையாளர் ஒருவரிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வாரிய அறை நிரம்பி, நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஜூன் மாத வெயில் ஜன்னல் வழியே நீளமாக உள்ளே விழுந்திருந்தது. வெர்னா பின்பக்கக் கண்ணாடி அறையில் இருந்தாள். கேமராவில் டெல்பர்ட். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அறுபது பிள்ளைகளோடு பனிச் சறுக்கலில் ஓட்டியவனுக்குக் கேமராவை ஆடாமல் பிடிப்பதா பெரிது என்பது அவருடைய நிரந்தர வசனம். வாரியத் தலைவர் கிளைட் ரெனிக் விதை வியாபாரி. தன் அப்பா வால்நட் மரத்தில் கடைந்த சுத்தியலை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கம்பளிப் பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போவார். மாவட்டம் வாங்கித் தந்த சுத்தியல் அலமாரியில் தூங்கியது.

ஆறு மணிக்குச் சுத்தியல் விழுந்தது. பிறகு ஒரு மணி இருபது நிமிடம் ரெனிக் கூட்டத்தை விரட்டு விரட்டென்று விரட்டினார். கூரை ஒப்பந்தம், பேருந்துக்கு டயர், கோடைப் பள்ளி. நிகழ்ச்சி நிரலின் கடைசி வரிக்கு வந்தபோது அவர் சுத்தியலைப் பையில் போட்டுக் கயிற்றை இறுக்கிவிட்டதைத் திரையில் வெர்னா பார்த்தாள். பார்த்தவள் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். இந்த மனிதர் இன்னும் கூட்டத்தை முடிக்கவில்லையே.

"அவ்வளவுதான், வராந்தாவுல காபி இருக்கு..." என்று ரெனிக் ஆரம்பித்தார்.

"நாங்க எப்பய்யா பேசறது?" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "காபிக்கிட்டயா பேசறது?" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது. விதை வியாபாரிக்குக் கடன் சொன்னால்கூடப் பொறுக்கும், சிரித்தால் பொறுக்காது. முகம் சிவந்து, "கூட்டம் முடிஞ்சுது, நல்ல சாயங்காலமா இருக்கட்டும்," என்று எழுந்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவால் போயே போய்விட்டார். மற்ற நான்கு உறுப்பினர்களும் முன்னே போகிற ஆட்டின் பின்னால் மந்தை போகிற மாதிரி வரிசையாகப் போனார்கள். முன் வரிசையிலிருந்த ஹாலோவேயும் கூடவே எழுந்து போனார். குறிப்பெழுதும் பெண் முடிந்த நேரத்தைக் குறிக்கப் பேனாவைத் தூக்கியவள், சுத்தியல் சத்தம் கேட்காததால் தூக்கினபடியே இருந்தாள்.

"மேனேஜரம்மா," என்று டெல்பர்ட்டின் குரல் காதுக்கருவியில் வந்தது. "முடிச்சுடலாமா? முட்டி வலிக்குது."

"யோவ் டெல்பர்ட், சுத்தியல் சத்தம் கேட்டுதா உனக்கு?"

"கேட்கலையே."

"எனக்கும் கேட்கலை. அப்போ கூட்டம் நடந்துக்கிட்டு இருக்கு."

"ஆளே இல்லையே அம்மா. எதைக் காட்டறது?"

"நாற்காலியக் காட்டு."

ஐந்து காலி நாற்காலிகளும் முன்னால் ஐந்து பெயர்ப் பலகைகளும் திரையில் வந்தன. வெர்னா மக்கள் பேசும் மேடையின் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டாள். மூன்று நிமிடக் கடிகாரத்தையும் ஓடவிட்டாள். அதன் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்ததும் அறையில் இருந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசை தானாக நின்றது. முதலில் மரிசோல். தோய்த்து இஸ்திரி போட்ட சட்டை, கையில் நான்காக மடித்த தாள். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் போகாமல், சொன்னபடியே ஒரு முழம் தள்ளி நின்றாள். வெர்னாவுக்குப் பயமும் இருந்தது, அதற்கு மேலே ஒரு சந்தோஷமும் இருந்தது. செய்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

மரிசோல் தன் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மேசைத் தொலைபேசி அடித்தது. வராந்தாத் தொலைக்காட்சியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எடுத்தால் ஹாலோவேயின் குரல், வாயில் இன்னும் பிஸ்கெட்டோடு.

"வெர்னா. நிறுத்துங்க."

"கூட்டம் முடியலையே சார்."

"தலைவர் முடிஞ்சுதுன்னு சொன்னாரு. ஊரே கேட்டுது."

"சொன்னாரு. அடிக்கலை. நேத்து நீங்கதான் ஞாபகப்படுத்தினீங்க. சுத்தியல்லேர்ந்து சுத்தியல் வரைக்கும்னு."

"வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. இது கட்டளை."

"அந்த விதியை வாரியம் ஓட்டுப் போட்டு வச்சது சார். அதை மாத்தணும்னாலும் வாரியம் கூடித்தான் மாத்தணும். அவங்க நாற்காலி எல்லாம் இங்க காலியாத்தான் இருக்கு. வரச் சொல்லுங்க, வந்து உட்காரட்டும். இல்லை, சுத்தியலையாவது அனுப்புங்க."

"உங்க வேலை போகும்னு தெரியுதா உங்களுக்கு?"

"நேத்தே தெரியும் சார்," என்றாள் வெர்னா. "கிடங்குல ஜன்னல் வைக்கச் சொல்லி இப்பவே எழுதிக் கொடுக்கறேன்."

அவர் பேசிக்கொண்டே போனார். அவளும் விடவில்லை. அந்த வாக்குவாதம் ஓய்ந்து ரிசீவரை வைத்தபோது மேடையில் மரிசோல் இல்லை, மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்ன பேசினாள் என்று வெர்னாவுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரி, ஆனால் அன்றைக்குக் கெட்டது சுத்தியலை வீட்டுக்குக் கொண்டுபோகிற நுணல். ரெனிக் தன் வண்டியில் ஏறிப் பாலத்தைத் தாண்டிவிட்டாராம். ஹாலோவே கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்ல, பாலத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டுத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரிச் சுத்தியலை எடுக்கலாம் என்றால் சாவி ரெனிக்கின் கொத்தில் இருந்தது. துணைத்தலைவர் இருக்கிறாரே, கையால் தட்டக் கூடாதா என்று வராந்தாவில் யாரோ கேட்க, அந்த ஐந்து நாற்காலி தெரிகிற திரைக்குள் முதலில் போய் உட்கார ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

முப்பத்தாறு நிமிடம். பன்னிரண்டு பேர். கடைசி ஆள் இறங்கிக்கொண்டிருந்தபோது ரெனிக் மூச்சிரைக்க உள்ளே வந்தார். உட்காரக்கூட இல்லை. பையின் கயிறு முடிச்சு விழுந்து அவிழ மறுத்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். அதையும் டெல்பர்ட் ஆடாமல் பிடித்தார். சுத்தியல் விழுந்த அடுத்த நொடி வெர்னா ஒளிபரப்பை நிறுத்தினாள். தனக்குச் சாதகமானபோது மட்டும் விதியைப் பிடித்துக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

வண்டி நிறுத்துமிடத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹாலோவே அவளுக்காகக் காத்திருந்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு என் ஆபீசுக்கு வாங்க. சாவியோட. இன்னொன்னு, பத்து மணி மறுஒளிபரப்பு, கிளைட் 'முடிஞ்சுது'ன்னு சொன்ன இடத்தோட நிக்கணும்."

"சாவியோட வரேன் சார்," என்றாள் வெர்னா. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அவள் உணவுப் பட்டியலைச் சரிபார்த்தாள், பட்டாணியை ஒருமுறையாக்கினாள். பத்து மணிக்குக் கூட்டத்தின் மறுஒளிபரப்பை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை முழுசாக ஏற்றினாள். டெல்பர்ட் கூப்பிடாமலே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆபீசுக்கு நானும் வரட்டுமா? சும்மா, கூட."

"நீ எதுக்கு? முட்டி வலிக்குதுன்னே."

"வலிக்குதுதான். ஆனா வண்டியை விட்டு இறங்குன்னு யாராவது சொன்னா எப்படி இறங்காம இருக்கறதுன்னு எனக்குத் தெரியும். ஆறாங்கிளாஸ் பசங்ககிட்ட பார்த்துக் கத்துக்கிட்டது."

அவள் சிரித்தாள். தனியாகத்தான் போனாள்.

கண்காணிப்பாளரின் அலுவலகத்தில் பதினோரு மணிக்கு வரச் சொன்னவர்களைப் பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிடுவது வழக்கம். உட்கார்ந்து வேகட்டும் என்பது ஏற்பாடு. வெர்னா சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே செயலாளர் ஜானெல் உறைகளில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு தொலைக்காட்சி ஓடியது. வருகிறவர்களுக்கு மாவட்டத்தின் பெருமை தெரிய வேண்டும் என்று அதில் பதினெட்டாம் சேனலைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று ஹாலோவேயே சொல்லியிருந்தார். சத்தம் மட்டும் குறைத்து வைத்திருந்தது. பேருந்து டயர் போனது. கோடைப் பள்ளி போனது. பதினொன்று இருபதுக்கு ஐந்து காலி நாற்காலிகள் வந்தன. ஜானெல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது... நிறுத்தச் சொன்னதா சொன்னாரே," என்றாள் மெதுவாக.

"சொன்னாரு," என்றாள் வெர்னா.

திரையில் மரிசோல் தாளைப் பிரித்தாள். ஜானெலின் மேசைத் தொலைபேசி அடித்தது. அவள் எடுத்து, கேட்டு, வைத்தாள். உடனே மறுபடி அடித்தது. "எல்லாம் ஆலைக்காரங்க," என்றாள். "டில்மன் தெருவைப் பத்திக் கேக்கறாங்க. ஓட்டு எந்தத் தேதின்னு கேக்கறாங்க." மூன்றாவது தடவை அடித்தபோது அவள் எடுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் துழாவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"...இப்ப நான் அவனை எட்டு மணிக்கு நடத்திக் கூட்டிக்கிட்டுப் போய் விடறேன்," என்று மரிசோலின் குரல் அந்த அறையில் கேட்டது. "நீங்க சொல்ற புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு பத்துக்கு பஸ். ராத்திரி நான் வீட்டுக்கு வரும்போது அவன் தூங்கியிருப்பான். மத்தியானம் அவன் வரும்போது நான் ஆலையில இருப்பேன். காலையில ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் ரெண்டு மணி நேரம். அவன் முழிச்சிருக்கும்போது நான் அவனைப் பார்க்கறது அவ்வளவுதான். எங்க குடும்பமே அந்த ரெண்டு மணி நேரம்தான். அதை எடுக்கறீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை எங்க மூஞ்சியப் பார்த்திருக்கலாம்..."

வெர்னா முதல்முறையாக அதைக் கேட்டாள். நேற்று தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தபோது இதுதான் தன் முதுகுக்குப் பின்னால் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று நினைக்க, செய்தது பைத்தியக்காரத்தனமோ என்று விடியற்காலையில் எழுந்த சந்தேகம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

உள்கதவு திறந்தது. ஹாலோவே நின்றார். திரையைப் பார்த்தார், ஜானெலின் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார்.

"உள்ள வாங்க வெர்னா," என்றார்.

"ஒரு நிமிஷம் சார்." அவள் எழுந்திருக்கவில்லை. "இந்தம்மாவுக்கு இன்னும் நாற்பது விநாடி இருக்கு."

ஹாலோவே ஜானெலை நோக்கிக் கையை நீட்டினார். ஜானெல் ரிமோட்டை மடியில் வைத்து, அதன்மேல் உறைகளை அடுக்கிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். திரையின் ஓரத்தில் மூன்று நிமிடக் கடிகாரத்தின் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. மரிசோல் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினாள்.